உன் கல்யாணத்தில் நான் பெட்டி வாசிக்கத்தான் போகிறேன்

தம்பி,

உன் வருங்கால மாமனார் குடும்பம் லண்டனிலிருந்து வீடியோவில் வந்த அன்று நான் மேலே கோட்டும் டையும், கீழே சாரமும் கட்டியிருந்தேன் என்பது இப்போது இரண்டு நாட்டுச் சனத்துக்கும் தெரிந்த விஷயம். திரையில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும் என்று நீதான் சொல்லித் தந்தாய். இருந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது என்று நீ சொல்லவில்லை. சம்பந்தி மரியாதைக்கு, "அண்ணைக்குப் பொழுதுபோக்கு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி போதும். "பொறுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போய், அலுமாரிக்கு மேலே இருந்த அக்கோடியனை இறக்கி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய நீலக் கட்டம் போட்ட சாரத்தோடு திரையின் முன்னால் நடந்து வந்தேன். லண்டனில் ஒரு சின்னப் பிள்ளை வீரிட்டுச் சிரித்தது. குசினிக்குள் ஓடிய உன் அம்மா, அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த நாள் நீ மிலானோவிலிருந்து தொலைபேசி எடுத்தாய். சாரத்தைப் பற்றித்தான் பேச்சு வாங்கப் போகிறேன் என்று ஆயத்தமாக இருந்தேன். நீ சாரத்தைத் தொடவேயில்லை. "அப்பா, கலியாணத்தண்டைக்கு அந்தப் பெட்டி வேண்டாம். பின்னேர விருந்துக்கு டிஜே பிடிச்சிருக்கு. அவையள் கொஞ்சம் வேற மாதிரியான ஆக்கள். உங்கட வேலையைப் பற்றி ஆரும் கேட்டா நிர்வாகம் எண்டு சொல்லுங்கோ. அந்தக் கிழவன்ர கதையும் எடுக்க வேண்டாம்" என்றாய். நான் "ஓம், பாப்பம்" என்றேன். தொலைபேசியில் நான் எப்போதும் நல்ல பிள்ளை. பேனா கையில் வந்தால்தான் எனக்கு வாய் வரும். ஓ.எல். சோதனையில் கணக்குக்கு இரண்டு தரம் விழுந்தவன் எழுதுகிற கடிதம் இது, பிழை இருந்தால் சிரித்துக்கொண்டு வாசி. ஆனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருந்து ஏமாற வேண்டாம்: உன் கல்யாண விருந்தில் நான் பெட்டி வாசிக்கப் போகிறேன்.

அந்தக் கிழவன் என்றாய். அந்தக் கிழவனுக்குப் பெயர் மேர்டோ. நீ படிக்கப் போன பிறகு நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததால் உனக்கு அவரை விடுமுறையில் பார்த்த முகமாகத்தான் தெரியும்: இஞ்சை பலேர்மோவில், கால்சாப் பகுதியில் மூன்றாம் மாடி, கோடையிலும் கம்பளிச் சட்டை, வாசலில் யாராவது வந்தால் கையைத் தூக்காமல் புருவத்தைத் தூக்குவார். அவர் ஸ்கொட்லாந்தின் வடக்கில் ஒரு பண்ணைக் கூலியின் மகன். வார நாட்களில் பஸ் திருத்துகிற வேலை. சனிக்கிழமை பின்னேரமானால் கூட்டாளிகளோடு ஒரு பழைய வான் வண்டியில் அக்கோடியனையும் பிடிலையும் முரசையும் ஏற்றிக்கொண்டு, பனிக்குள்ளால் ஊர் ஊராகப் போவார். கல்யாணம், அறுவடை முடிந்த கொண்டாட்டம், புதுவருஷம் என்று ஊர் மண்டபங்களில் சனம் எதிரெதிர் வரிசையாக நின்று ஆடும். அந்த ஆட்டத்துக்கு வாசிக்கிற வாத்தியக்காரர் அவர். இசைத்தட்டும் போட்டிருக்கிறார். அந்தத் தட்டை வைத்துக் கனடாவிலும் நியூசிலாந்திலும் இன்றைக்கும் ஆடுகிற சனம் இருக்கிறது. ஒரு தரம் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு மனுசி மூன்றாம் மாடிவரை மூச்சு வாங்க ஏறி வந்து, இவருடைய கையைப் பிடித்து, "நான் கலியாணம் கட்டினது உங்கட பாட்டுக்கு" என்று அழுதாள். இவர் "புருசன் நல்லவனோ?" என்று கேட்டார். "இல்லை, விட்டிட்டன்" என்றாள். "அப்ப தாளம் பிழைச்சிருக்கும், என்னை மன்னிச்சுக்கொள்" என்றார். நான் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

அப்படிப்பட்டவர் பலேர்மோவுக்கு ஏன் வந்தார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பனி கொட்டுகிற அவருடைய ஊரில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒரு பலேர்மோக் குடும்பம் இருந்தது. ஆட்டம் முடிந்த கையோடு, உதடு நீலமாகிற குளிரில், மேர்டோ ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடைக்குப் போய் ஐஸ்கிரீம் தின்றார் என்றால் காரணம் ஐஸ்கிரீம் அல்ல என்று உனக்கு விளங்கும். கடைக்காரரின் மகள் ரொசாலியா. அவளுக்காக ஒரு மெல்லிய வால்ஸ் மெட்டுக் கட்டினார். கல்யாணம் கட்டி, வேலையிலிருந்து ஓய்வெடுத்ததும், மனைவியின் தாய் வீடு இருந்த கால்சாவுக்கே இருவரும் வந்துவிட்டார்கள். இஞ்சை வந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. பங்குக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கினார். நாலைந்து வெள்ளைக்கார ஓய்வூதியக்காரர், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், ஒரு மீன் வியாபாரி, அவனுடைய மாமியார், இவ்வளவு பேரும் ஸ்கொட்லாந்து ஆட்டம் ஆடினார்கள். துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்த நாளில் வழிதவறி வந்த பயணிகளும் ஆடினார்கள்.

நான் போன நேரம் சிஞ்ஞோரா ரொசாலியா காலமாகி, மேர்டோவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்திருந்தது. சமையல், துப்புரவு, குளிக்க வார்க்கிறது, சவரம் செய்கிறது, இதுதான் என் நிர்வாகம். ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்க, அவர் அக்கோடியனை மடியில் வைத்து வலது கையால் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. டிக் டிக் என்று கட்டை தட்டுப்படுகிற ஒலி மட்டும். இடது கை துருத்தியை இழுத்தால்தான் அதற்குக் காற்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன, பழுதோ?" என்று கேட்டேன். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பழுது. இஞ்ச வா, எனக்குப் பின்னாலை இரு. கையை இந்த வாருக்குள்ளை விடு. இழு" என்றார். (அவருடைய இத்தாலிய மொழியும் என்னுடையதும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் வரும். ஆகவே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.) குசினி முக்காலியை எடுத்து அவருடைய இடது தோளுக்குப் பின்னால் போட்டு, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியவன் மாதிரி ஒட்டியிருந்து, சிக்கிக்கொண்ட மேசை லாச்சியை இழுக்கிற மாதிரி ஒரு இழுவை இழுத்தேன். வீடே அலறியது. "எட, மெதுவா! லாச்சி இல்லையடா அது, நெஞ்சு!" என்றார். பிறகு அவருடைய வலது கை ஓடத் தொடங்கியது. தம்பி, நான் அதுவரைக்கும் எவ்வளவோ வீடு துடைத்திருக்கிறேன். ஒரு பாட்டுக்குள்ளே என் மூச்சும் போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாத்தியக்காரன். மெட்டு அவர், காற்றும் அடித்தாளமும் நான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு "சினிஸ்திரா" என்றார். இடதுகை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு முதல் தரம் என்னைக் கூட்டிப் போனபோது நடந்ததை அம்மாவுக்கே நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பல சுரத்தை ஒன்றாக அழுத்தி ஒரு நீண்ட சுரக்கட்டு வாசிக்க வேண்டும். அது கேட்டதும் எல்லாரும் குனிந்து வணங்குவார்கள், அதற்குப் பிறகுதான் கால் எடுப்பார்கள். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் காற்றை இழுத்தேன், அவர் கட்டையை அழுத்தினார், மண்டபம் நிறைந்த சனம் முழுதும் தலை குனிந்து வணங்கியது. எங்கள் வீட்டில் வளர்ந்தவனுக்கு என்ன தெரியும்? பெரியவர்கள் வணங்கினால் இருந்தபடி இருக்கலாமா? எழும்பி நின்று, வாருக்குள் இருந்த கையையும் சேர்த்து உயர்த்திக் கும்பிட்டேன். துருத்தி முழுதாக விரிந்து எருமை மாதிரிக் கத்தியது, மேர்டோ கதிரையோடு பின்னால் சரிந்தார், மீன் வியாபாரியின் மாமியார் சிலுவை போட்டாள். பிடித்து நிமிர்த்திய பிறகு மேர்டோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவை உனக்குக் கும்பிடேல்லை, சினிஸ்திரா. சோடிக்குச் சோடி கும்பிடுகினம். ஆடத் தொடங்க முந்தி எதிரிலை நிக்கிற ஆளைப் பார்த்துக் கும்பிட வேணும். அதுக்குத்தான் நாங்கள் நேரம் குடுக்கிறம்."

கல்யாணம் கட்டப் போகிற உனக்கு நான் சொல்ல வைத்திருக்கிற புத்திமதி இது ஒன்றுதான், அதுவும் கடன் வாங்கியது. உன் அம்மாவும் நானும் கும்பிட்டுத் தொடங்கின சோடி இல்லை. நேரே சண்டையில் தொடங்கிவிட்டோம், பிறகு கும்பிட நேரம் கிடைக்கவில்லை. அவள் எனக்காகவும் உனக்காகவும் நேர்த்தி வைத்து இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறியதற்கு நான் ஒருநாளாவது எழும்பி நின்றிருக்க வேண்டும். நீ எழும்பி நில்.

எங்கட ஆட்கள் என்னை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தக் கதைகள்தான் மிலானோவரை வந்து உன் காதைச் சுட்டிருக்கும். கபோச் சந்தையில் தவராசா எல்லாருக்கும் கேட்க, "என்ன அண்ணை, வெள்ளைக்காரனுக்குத் துருத்தி இழுக்கிறியளாம்?" என்றான். தான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் நாயை நடத்திக்கொண்டு வந்தவன் அவன். "ஓம் தம்பி. என்ர ஆள் பாட்டுப் படிக்கும். உம்மட ஆள் குரைக்கும் போலை கிடக்கு" என்றேன். நாய் சரியாக அந்த நேரம் குரைத்தது, நான் என்ன செய்ய! அவன் கொஞ்ச நாள் கதைக்கவில்லை. பிறகு மகளின் பிறந்தநாளுக்கு வாசிக்க வரச் சொல்லி அவனே கேட்டான். வாசித்தேன். நாயும் வந்திருந்தது.

மேர்டோ எனக்குச் சொன்னவற்றில் ஒன்றை நான் விடாமல் பிடித்திருக்கிறேன். "கேக்கிறதுக்கு வாசிக்கிறவன் கண்ணை மூடலாம். ஆடுறதுக்கு வாசிக்கிறவன் கண்ணை மூடினா ஆள் விழும்" என்பார். மண்டபத்தில் ஆகவும் மெதுவான கால் எது என்று பார்த்து, அந்தக் காலுக்குத்தான் வேகம் வைப்பார். வரிசையில் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு முறை வரும். கடைசிச் சோடியின் முறை முடியும்வரை நிறுத்தக் கூடாது. அவருடைய இளம் வயதில் ஒரு பெரிய ஹோட்டலில், வாத்தியக்காரரைக் குசினி வாசலால் வரச் சொல்லியிருக்கிறார்கள். போயிருக்கிறார். நடு ஆட்டத்தில் ஒரு பணக்காரர் மேடைக்குக் கிட்ட வந்து விரலைச் சொடுக்கி, "கெதியா வாசி, இதென்ன செத்த வீடோ?" என்று கத்தியிருக்கிறார். மேர்டோ வாசித்தபடியே நாடியால் கடைசிச் சோடியைக் காட்டினாராம். ஒரு கிழவி, கால் வீங்கியவள், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். "அவவின்ர முறை முடியட்டும், பிறகு உம்மோடை சண்டைக்கு வாறன்" என்றாராம். அந்த ஹோட்டல் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. "கவலையோ?" என்று கேட்டேன். "ஓம். அங்கத்தைச் சூப் நல்லாயிருக்கும்" என்றார்.

கடைசி வருஷம் அவருடைய வலது கையும் தளர்ந்தது. "பெட்டியை உன்ர வீட்டை கொண்டு போ. இஞ்சை கடல் ஈரம், அதுக்குக் கூடாது. மற்றக் கையையும் பழகு" என்றார். பழகினேன். நான் வலது கைப் பழக்கம் செய்த மாதங்களை உன் அம்மா போர்க்காலத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லுவாள். "இஞ்சருங்கோ, மேல் வீட்டுச் சிஞ்ஞோரா கதவடிக்கப் போறா!" என்று ஒவ்வொரு பின்னேரமும் சொன்னாள். சிஞ்ஞோரா ஒருநாள் கதவடிக்கத்தான் செய்தா. திறந்தால், தரந்தெல்லா என்கிற இந்த நாட்டு ஆட்டப் பாட்டு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டா. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயில் மண்டபத்தில் முன்னால் இருக்கிறவன் நான். மேர்டோவின் மெட்டுகளை அவருடைய வேகத்தில் வாசிக்கிறேன். பிழையும் விடுகிறேன். அவற்றுக்கும் சனம் ஆடுகிறது.

இனி நீ கோபப்படப் போகிற இடம். போன கிழமை நானே சம்பந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். நீளக் காற்சட்டை போட்டிருந்தேன், நம்பாவிட்டால் அம்மாவைக் கேள். "அண்ணை, நான் நிர்வாகம் இல்லை. வீடு துடைக்கிறன், படி கழுவுறன். ஒரு ஸ்கொட்லாந்து மனுசனைக் குளிக்க வாத்துச் சோறு தீத்திப் பாத்தனான். அவர் வாத்தியக்காரர், நான் அவருக்கு இடது கை. பிள்ளையளின்ர கலியாணத்திலை நான் அவற்ரை பாட்டை வாசிக்கப் போறன். இதைக் கேட்டு உங்களுக்கு மனம் மாறுதெண்டா இப்பவே சொல்லுங்கோ" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சரி, கல்யாணத்தைக் குழப்பிவிட்டேன், இனி மகனும் இல்லை, மனுசியும் இல்லை, மண்டபத்தில் போய்ப் படுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, உங்கட மகன் எனக்கு என்ன வேலை எண்டு சொன்னவர்?" என்று கேட்டார். "மனேஜர் எண்டு" என்றேன். "பெற்றோல் நிலையத்திலை கல்லாவிலை நிக்கிறன் அண்ணை. மகள்தான் மனேஜர் எண்டு சொல்லச் சொன்னவ. உங்கட ஆக்கள் கொஞ்சம் வேற மாதிரியாம்." அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். கடைசியாக அவர் தயங்கித் தயங்கி, "அந்த ஆட்டம் கஸ்டமோ? எனக்கு முழங்கால் வருத்தம்" என்றார். "நீங்கள் வாங்கோ. உங்கட முழங்காலைப் பாத்துத்தான் நான் வாசிப்பன்" என்றேன்.

ஆகவே இதுதான் முடிவு. உன் டிஜே வரட்டும், அவனுக்கும் சாப்பாடு போடுவோம். அதற்கு முதல் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நிற்கும். நான் அந்த நீண்ட சுரக்கட்டை வாசிப்பேன். நீயும் வரப்போகிற மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடுவீர்கள், அல்லது நீ கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நிற்பாய். நின்றாலும் வாசிப்பேன். சம்பந்தியின் முறை முடிந்து, அம்மாவின் முறை முடிந்து, கடைசிச் சோடி வரும்வரை வாசிப்பேன். முடிவில் ரொசாலியாவுக்குக் கட்டிய வால்ஸ். யாராவது கேட்டால் மேர்டோவின் பெயரைச் சத்தமாகச் சொல்லுவேன், என் வேலையையும் சொல்லுவேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இரு, அதற்காக உன்னில் எனக்குக் கோபம் இல்லை. உன் வயதில் எனக்கும் என் அப்பாவின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் மதிலுக்குப் பின்னால் போகத் தோன்றும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. நீ பெட்டி வேண்டாம் என்றபோது அது என் வாய்வரை வந்தது. பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், விழுங்கிவிட்டேன். மேர்டோவின் சவப்பெட்டியைத் தேவாலயத்துக்கு வெளியே கொண்டுவந்த அன்று, அவர் கேட்டபடியே சோகப் பாட்டு இல்லாமல் ஆட்டப் பாட்டு ஒன்றை வாசலில் நின்று வாசித்தேன். இந்த ஊர் வழக்கப்படி சனம் கை தட்டியது. விடுமுறையில் வந்திருந்த நீ, உன்னோடு படித்த ஒரு பையனோடு அந்தத் தெருவால் வந்தாய். தூண் மறைவில் நின்றதால் நான் உன்னைக் காணவில்லை என்று நினைத்தாய். கைதட்டல் ஓய்ந்து, நான் துருத்தியை ஒரு கணம் நிறுத்திய இடத்தில் அவன், "பெட்டி வாசிக்கிற அந்த ஆள் யார், உங்கட ஆளோ?" என்று கேட்டான். "தெரியாது" என்றாய்.

எனக்குக் கேட்டது, தம்பி. திரும்பிப் பார்த்தால் நீ கூசிப் போவாய் என்று, நீங்கள் தெருமுனை கடக்கும்வரை நானும் உன்னைத் தெரியாதவன் மாதிரியே வாசித்தேன். அதை ஒரு தரம் செய்துவிட்டேன். இன்னொரு தரம் என்னால் முடியாது.

அப்பா